வயிற்று வலிக்கு எந்த டாக்டர்?

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கிறது எருமப்பட்டி. சின்ன வெங்காயமும் மரவள்ளியும் விளையும் காடுகள், கோழிப்பண்ணைகள், தெருவுக்கு நாலு பேர் லாரித் தொழிலில். இந்தப் பக்கத்துப் பிழைப்பு வயிற்றை நேரத்துக்குக் கவனிக்க விடாத பிழைப்பு. நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போகிற ஓட்டுநர் மதியச் சாப்பாட்டை நாலு மணிக்கும் ராத்திரிச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கும் சாப்பிடுகிறார். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குகிறார். களையெடுக்கப் போகும் பெண் அரைவயிற்றுப் பழைய சோற்றோடு கிளம்பிப் போய், காட்டில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்.

இவர்களுக்கு வயிற்றில் ஏதாவது வந்தால், பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் எல்லாம் நடக்கும். முதலில் கைவைத்தியம்: ஓமத் தண்ணீர், சீரகம், மோரில் பெருங்காயம். அடுத்து மெடிக்கலில், "நெஞ்சைக் கரிக்குதுங்க, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க." அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி. பிறகு ஸ்கேன். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் வேறோர் இடத்தில் இன்னொரு ஸ்கேன். மாதங்கள் ஓடி, கட்டைப்பை நிறைய ரிப்போர்ட் சேர்ந்த பிறகு உறவில் யாரோ சொல்வார்: "சேலத்துல ஒரு கேஸ்ட்ரோ டாக்டர் இருக்காருங்க, எங்க மாமனுக்கு அவர்தான் பாத்தார்." மறுநாள் காலையில் பஸ் ஏறிவிடுவார்கள்.

மாமனுக்கு இருந்தது பித்தப்பைக் கல். பார்த்தவர் அறுவை சிகிச்சை நிபுணர். இவருக்கு இருப்பதோ மூன்று மாதமாக விடாத வயிற்றுப்போக்கு. ஒரு நாள் கூலி, போக்குவரத்துச் செலவு, ஆலோசனைக் கட்டணம் எல்லாம் போன பிறகு, "இதுக்கு நீங்க வேற டாக்டரைப் பாக்கணும்" என்ற பதிலோடு திரும்பி வர நேரிடுகிறது. ஒரு குடும்பம் உடம்புக்காகச் செய்யும் பெரிய செலவுகளில் ஒன்று, மிகக் குறைந்த விவரத்தை வைத்து முடிவு செய்யப்படுகிறது.

எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் நிபுணர் தேவையில்லை. புளித்த ஏப்பம், எப்போதாவது வரும் நெஞ்செரிச்சல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ, குடும்பத்தை நெடுநாளாகப் பார்க்கும் மருத்துவரோ கவனித்தாலே போதும். வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல், அது எருமப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும், சேலத்திலும் அதே பொட்டலம்தான். நெஞ்செரிச்சலுக்குத் தரும் பான்டோப்ரசோல் வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும் என்பதை யாராவது நிதானமாகச் சொன்னாலே பலருக்குப் பாதித் தொல்லை அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டரை மாற்றுபவர்கள் ஏராளம்.

சில அறிகுறிகள் வந்துவிட்டால் கைவைத்தியத்திலும் மெடிக்கல் மாத்திரையிலும் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. சாப்பிட்டது தொண்டைக்குக் கீழே இறங்காமல் அடைப்பது, அதுவும் முதலில் களியும் சோறும், பிறகு கஞ்சியும் என்று கூடிக்கொண்டே போவது. வாந்தியில் ரத்தம். மலம் தார் போலக் கருத்து, பிசுபிசுத்துப் போவது. (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கருக்கும், ஆகவே மருத்துவரிடம் அந்த மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.) முயற்சி செய்யாமலே வேட்டியும் ரவிக்கையும் தொளதொளக்கும் அளவுக்கு எடை குறைவது. ரத்தசோகை. கண் மஞ்சளாவது. தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த எந்தத் தொடர் வயிற்றுத் தொந்தரவும் இந்தக் கணக்கில் சேரும். இவற்றுக்குத்தான் நிபுணர். வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் அதிகமாகப் போனால் நிபுணரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல் வயிற்றில் ஏறி அழுத்துவதை "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடா குடித்துச் சமாளிப்பது இந்தப் பக்கத்தில் பரவலான வழக்கம். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு சிலருக்கு மேல் வயிற்று வலியாகவே தெரியும். வியர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தாலோ, சர்க்கரை நோயாளியாக இருந்தாலோ, முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி. மாரடைப்புக்கு உடனே தர வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் "இதயம் காப்போம்" திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது. கேஸ்ட்ரோ டாக்டரைத் தேடி ஐம்பது கிலோமீட்டர் போகும் வழியில் போன உயிர்களை நினைத்தால், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, நிபுணர் தேவை என்றாகிவிட்டது. யார் அந்த நிபுணர்? எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. படித்து, அதன் மேல் இரைப்பை குடல் மருத்துவத்தில் இன்னும் மூன்றாண்டு டி.எம். படித்தவர். தேசியத் தேர்வு வாரியம் வழியாக வந்தவர் என்றால் அதற்கு நிகரான டி.ஆர்.என்.பி. பட்டம் இருக்கும்; கொஞ்சம் மூத்தவர்களுக்கு டி.என்.பி. என்றிருக்கும். பள்ளி முடித்த பிறகு பதினோரு, பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு இது. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல், கணையம், பித்தநாளம் எல்லாம் இவர் எல்லைக்குள் வரும். மருந்தாலும் எண்டோஸ்கோப் குழாயாலும் வைத்தியம் செய்பவர், கத்தி எடுப்பவரல்ல.

கத்தி எடுப்பவர் வேறு. எம்.எஸ். படித்து, அதன் மேல் எம்.சிஎச். முடித்த இரைப்பை குடல் அறுவை சிகிச்சை நிபுணர் அவர். பித்தப்பைக் கல், குடலடைப்பு, புற்றுக்கட்டி அவர் வேலை. நுண்துளை அறுவை சிகிச்சையில் உலக அளவில் அறியப்பட்ட கோவை சி. பழனிவேலு இந்தத் துறைக்காரர். போர்டில் இரண்டு பேருக்கும் "கேஸ்ட்ரோ" என்ற சொல் இருப்பதால்தான் மாமனின் டாக்டரிடம் மருமகன் போய் நிற்கிறார். கல்லீரலுக்கு என்றே தனியாகப் படித்தவர்களும் குழந்தைகளின் வயிற்றுக்கு என்றே பயிற்சி பெற்றவர்களும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் காமாலை தெளியாமல், மலம் வெளுத்துப் போனால், அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையைப் பிறந்த இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். 1998-இல் டெல்லியில் நடந்த, இந்தியாவில் ஒரு குழந்தைக்குச் செய்து வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை இதே கோளாறோடு பிறந்த ஒரு காஞ்சிபுரத்துப் பையனுக்குத்தான். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா. அந்தப் பையன் வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

பட்டத்தைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்று பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு துறையில் தகுதி இல்லாதவர் அந்தத் துறை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன. பதிவு எண்ணையோ பெயரையோ வைத்துத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நோயாளியை அனுப்பி வைத்ததற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. ஆகவே பஸ் நிலையத்தில் இறங்கியதும் "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டு, தானே கூட்டிப் போக முன்வருபவரின் அக்கறையை நம்பி டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பட்டம் வாசல்வரைதான் துணைக்கு வரும். உள்ளே போன பிறகு டாக்டரை எடைபோட உதவுவது அவர் கேட்கும் கேள்விகள்தான். வலி எங்கே என்று விரலால் காட்டச் சொல்கிறாரா? சாப்பிட்டால் கூடுகிறதா, குறைகிறதா? முதுகுக்குப் பாய்கிறதா? என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாக, மூட்டு வலிக்கு வாங்கிப் போட்டது உட்பட? மது உண்டா, எவ்வளவு? அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்குக் குடலில் கட்டி வந்திருக்கிறதா? வீட்டில் யாருக்காவது காசநோய்? மலம் எப்படிப் போகிறது என்பதை முகம் சுளிக்காமல், விவரமாகக் கேட்கிறாரா? படுக்கவைத்து வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்கிறாரா? இவை எல்லாம் முடிந்த பிறகு பரிசோதனை எழுதுபவர் ஒரு வகை. நோயாளி உட்காரும் முன்பே எண்டோஸ்கோப்பிக்குச் சீட்டு எழுதுபவர் இன்னொரு வகை. காத்திருப்போர் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் வகைக்காரரிடம் காத்திருப்பது வீண் போகாது.

கேள்வி கேட்பதன் அருமைக்கு, மரவள்ளி விளையும் இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1960-களில் கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். சிறு வயதிலிருந்தே வயிற்று வலி, இளமையிலேயே சர்க்கரை நோய், எலும்பும் தோலுமான உடம்பு. எக்ஸ்ரே எடுத்தால் கணையத்தில் கற்கள். மது குடிக்காத ஏழைகளிடம் இது வந்ததால் சந்தேகம் அவர்கள் அன்றாடம் தின்ற மரவள்ளிக் கிழங்கின் மேல் விழுந்தது. மரவள்ளியில் உள்ள சயனைடுப் பொருள்தான் கணையத்தை அரிக்கிறது என்று நெடுநாள் பேசப்பட்டது. பிறகு மரவள்ளியே தின்னாத பகுதிகளிலும் இதே நோய் தென்பட்டது. ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கு இதில் பங்கு உண்டு என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. மரவள்ளி மேல் சுமத்திய குற்றம் நிரூபணமாகவில்லை. நன்றாக வேகவைத்த கிழங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இந்தக் கணைய நோயாளிகள் வருடக்கணக்கில் "அல்சர்" மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மேல் வயிற்று வலி முதுகுக்குப் பாயும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். முப்பது வயதுக்குள் சர்க்கரை. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை சுத்தமாகத்தான் இருக்கும். குடிப்பவருக்கும் கணையம் இதே போலக் கெடும். இந்த நாலு விஷயத்தையும் கேட்டு ஒன்றாகக் கோத்துப் பார்க்கும் டாக்டர் கிடைக்காதவரை குழாய் எத்தனை முறை உள்ளே போனாலும் விடை கிடைக்காது.

அல்சரின் கதையும் சொல்லத் தகுந்தது. காரம், கவலை, பட்டினி இவையே இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே காரணம் என்றார்கள். யாரும் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அல்சருக்கு இரண்டு பெரிய காரணங்கள்: இந்தக் கிருமி, வலி மாத்திரைகள். கிருமி இருந்தால் இரண்டு வார மருந்தில் ஒழிக்கலாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைதான் காரணம் என்றால் அதை நிறுத்தாமல் எந்த மருந்தும் நிலைக்காது. ஆகவே அல்சர் என்று சொன்ன டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "கிருமிக்கு டெஸ்ட் பண்ணீங்களா டாக்டர்?" பண்ணியிருந்தால் விடை ரிப்போர்ட்டிலேயே இருக்கும்.

எண்டோஸ்கோப்பி என்றதும் ஊரில் பாதிப் பேருக்கு நடுக்கம். "குழாய் விட்டுப் பாக்கணுமாமா" என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். நடப்பது இதுதான். முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் காலையில் போக வேண்டும். தொண்டையில் ஒரு மருந்தைத் தெளிப்பார்கள். லேசாகக் கசக்கும், சற்று நேரத்தில் தொண்டை மரத்துப் போகும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் கொடுப்பார்கள். சுண்டுவிரல் தடிமனுள்ள குழாய் அதன் வழியே இறங்கும். ஓங்கரிப்பு வரும், கண்ணில் நீர் வரும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் மூச்சடைக்காது. ஐந்திலிருந்து பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாலும் அது வலிக்காது. இரைப்பையின் உள்தோலில் கிள்ளுவது தெரியாது. சதை எடுத்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம்; கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் சதைதான் எடுக்கிறார்கள். தூக்க ஊசி கேட்டு வாங்கலாம். வாங்கினால், துணைக்கு ஒருவர் வர வேண்டும், அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இன்சுலின் இவை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. வளையும் தன்மையுள்ள இந்தக் குழாயை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ், 1957-இல் அமெரிக்காவில் முதலில் தம் தொண்டையில்தான் அதை இறக்கிப் பார்த்தார்.

ஆசனவாய் வழியே பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் நோயாளியின் பங்கு பெரிது. முந்தின நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை, சிறுதானியம் எல்லாம் தவிர்த்து வெள்ளைச் சோறும் மோரும், பிறகு இளநீர் மாதிரித் தெளிந்த நீராகாரமும் என்று இருந்து, பேதிக்குக் கொடுக்கும் பொடியைத் தண்ணீரில் கரைத்துச் சொன்ன அளவு முழுவதும் குடிக்க வேண்டும். பாதியைக் கீழே கொட்டிவிட்டுப் போனால் குடல் சுத்தமாகாது, கட்டி இருந்தாலும் கண்ணுக்குப் படாது. டாக்டரின் பங்கை அளக்கவும் உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவுகோல்கள் உண்டு. பெருங்குடல் தொடங்கும் முனைவரை குழாய் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். திரும்ப எடுத்து வரும்போது குறைந்தது ஆறு நிமிடம் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ரிப்போர்ட்டில் அந்த முனையின் படம் இருக்கிறதா, குடல் எந்த அளவு சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறதா என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே குழாயை எப்படிக் கிருமி நீக்கம் செய்கிறார்கள் என்று கேட்கவும் உரிமை உண்டு. ஒழுங்காகச் செய்யும் இடத்தில் இந்தக் கேள்விக்குக் கோபம் வராது.

கொலோனோஸ்கோப்பிக்குப் போக வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் போவது வேறிடத்துக்கு. மலத்தில் ரத்தம் கண்டதும் "மூலம்" என்று தாங்களே தீர்மானித்து, மூலம், பவுத்திரம் என்று போர்டு மாட்டிய இடத்தில் காரக் களிம்போ நூல் கட்டோ செய்துகொள்கிறார்கள். மூலமாகவும் இருக்கலாம், பெரும்பாலும் அதுதான். ஆனால் மூலமும் மலக்குடல் புற்றும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்க முடியும். கையுறை போட்டு விரலால் ஆசனவாயைப் பரிசோதிப்பது ஒரு நிமிட வேலை. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கட்டி அதிலேயே தட்டுப்பட்டுவிடும். அந்த ஒரு நிமிடத்தைக் கூச்சத்தால் நோயாளி தவிர்ப்பதும், அவசரத்தால் வைத்தியர் தவிர்ப்பதும் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்திருக்கின்றன. பெண்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். பெண் நிபுணர் இருக்கிறாரா என்று முன்பதிவின்போதே விசாரிக்கலாம்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது இந்த மண்ணில் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. அதை மருத்துவ உலகம் அலட்சியமாக ஒதுக்கவும் இல்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் நடந்த ஆய்வில் ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்று 1988-இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பர்கும் அதில் ஓர் ஆசிரியர். பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். பெயர் மட்டும் மருந்துக்குப் போகும். தெளியாத காமாலையில்தான் ஆபத்து. பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தாலோ, கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருந்தாலோ உடம்பெல்லாம் அரிக்கும், சிறுநீர் அடர் நிறமாகும், மலம் வெளுக்கும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்துவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கல்லை வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் இ.ஆர்.சி.பி. எல்லா நிபுணர்களும் செய்வதில்லை. போகும் முன்பே, "இங்க இ.ஆர்.சி.பி. பண்றாங்களா?" என்று போனில் கேட்டுக்கொண்டால் ஓர் ஊர் அலைச்சல் மிச்சம்.

நம் ஊர் நோய்களைத் தெரிந்த நிபுணருக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. குடலில் காசநோயும் கிரோன்ஸ் என்ற குடல் அழற்சியும் குழாய் வழியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றுக்குக் காசநோய் மருந்து. இன்னொன்றுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. மாற்றிக் கொடுத்தால் காசநோய் உடம்பெங்கும் பரவிவிடும். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இது அரிதான சிக்கல். இங்கே அன்றாடச் சிக்கல். 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஓயாத வயிற்றுப்போக்கும் எடை இழப்புமாக ஸ்ப்ரூ நோய் பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோரின் குழு அந்தக் கிராமங்களுக்கே போய் ஆராய்ந்தது. தமிழ்நாட்டில் குடல் மருத்துவம் கிராமத்தார் வயிற்றைப் பார்த்து வளர்ந்த துறை. சோற்றுக்கும் களிக்கும், போர்த் தண்ணீருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் வித்தியாசம் கேட்கும் டாக்டர் அந்த மரபின் வாரிசு.

எல்லாப் பரிசோதனையும் செய்து, ஒன்றும் இல்லை என்று வருவதும் உண்டு. வயிறு உப்புசம், வலி, போனால்தான் நிம்மதி, நாலு நாள் பேதி, நாலு நாள் சிக்கல் என்று வருடக்கணக்கில் தொடரும் ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறு அப்படிப்பட்டது. ஸ்கேனில் தெரியாது, ஆனாலும் வலி நிஜம். "உங்களுக்கு ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பாமல், குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை விளக்கி, உணவையும் தூக்கத்தையும் மருந்தையும் சேர்த்துச் சரிசெய்பவர் நல்ல டாக்டர். "இனிமே ஸ்கேன் எடுக்க வேண்டாம்" என்று துணிந்து சொல்பவர் இன்னும் நல்லவர்.

எருமப்பட்டிக்காரர் எங்கே போவது? நாமக்கல் அருகில் இருக்கிறது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பொது மருத்துவப் பிரிவில் காட்டி, தேவையென்றால் அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். துறையூர் வழியே திருச்சி இன்னொரு வழி. கோவையும் வேலூரும் சிக்கலான நோய்களுக்கு. சிறப்புப் பிரிவுகளுக்குப் புறநோயாளிகள் நாள் என்று தனியாக இருக்கும். கேட்காமல் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பதிவு பெற்ற தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும். படுக்கையில் சேர்ந்த பிறகு அட்டை தேடுவதைவிட, சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் "இந்த சிகிச்சை வருமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

தூரத்தை வைத்தும் டாக்டரை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஓரிரு முறை பார்த்து முடியும் அல்சருக்கு எவ்வளவு தூரமும் போகலாம். கல்லீரல் சுருக்கம், குடல் அழற்சி, கணைய நோய் போன்ற ஆயுள் கணக்கில் தொடரும் நோய்க்கு, மாதா மாதம் போய்வர முடிந்த இடத்தில் உள்ளவரே பொருத்தம். பெரிய ஊர் நிபுணரிடம் ஒரு தடவை காட்டி, நோயை உறுதி செய்துகொண்டு, உள்ளூர் மருத்துவருக்கு ஒரு கடிதம் வாங்கி வருவது பலருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு. பெரிய அறுவை சிகிச்சை என்று சொன்னால், உயிருக்கு அவசரமில்லாத நிலையில், இரண்டாவது டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு ரிப்போர்ட்டுகள் கையில் வேண்டும். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த 2002 விதிகளில் உள்ளதுதான்.

மருந்து சாப்பிட்டு வலி நின்றதும் டாக்டரை மறந்துவிடுவது நம் வழக்கம். அல்சர் கிருமிக்கு மருந்து முடித்தவர்கள் நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியிருந்தால்தான் முடிவு சரியாக வரும். பெருங்குடலில் சதை வளர்ச்சி எடுத்தவர்கள், அடுத்த கொலோனோஸ்கோப்பி எந்த வருடம் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெருங்குடல் புற்று வந்தவரின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவோ, இரண்டில் எது முந்தியோ அப்போதே பரிசோதனைக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பவரின் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்த்து, கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.